ஜூலை மாதத்தில் பெய்யும் பனி

அமெரிக்காவில் வாழ்த்து அட்டைக்குப் படம் போடும் ஓவியர்கள் கிறிஸ்துமஸ் படத்தை டிசம்பரில் வரைய மாட்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் ஜூலையில் உட்கார்ந்து பனி வரைவார்கள். டிசம்பர் குளிரில் முயல்குட்டியும் வண்ண முட்டையுமாக ஈஸ்டர் படம் போய்க்கொண்டிருக்கும். பைத்தியக்காரத்தனம் இல்லைங்க, கணக்கு. அட்டைக் கம்பெனி படத்தைத் தேர்ந்தெடுத்து, வாசகம் சேர்த்து, அச்சடித்து, கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்து, அது அலமாரிக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகிவிடும். சில சமயம் ஒன்றரை வருஷம்கூட. ஆக இந்த ஜூலையில் வரைந்த பனி அடுத்த வருஷ டிசம்பரில்தான் பெய்யும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த ஓவியர்கள் படத்தை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார்கள். ஆர்ட் லைசென்சிங் என்று பெயர். ஒரே பனிக்காட்சி. அட்டையில் போட ஒரு கம்பெனிக்கு இரண்டு வருஷ அனுமதி, ஜிக்சா புதிருக்கு இன்னொரு கம்பெனி, காகித நாப்கினுக்கு மற்றொன்று, காபிக் கோப்பைக்கு வேறொன்று. அசல் ஓவியம் பாட்டுக்கு வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சரக்கும் விற்க விற்க மொத்த விலையில் ஒரு சிறு சதவீதம் ராயல்டியாக வரும். 3 முதல் 10 சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

வார இறுதியில் அக்ரிலிக்கோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இந்த ஏற்பாடு எப்போது, யாரால் வந்தது என்று தேடப் போனேன். படம் வேறு, படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை வேறு. இந்தச் சின்ன விஷயம் ஓவியர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் விளங்க நூறு வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது! கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அமெரிக்கப் பனிக்காட்சிக்கு ஒரு தாத்தா உண்டு. ஜார்ஜ் ஹென்றி டுரி, கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன்காரர். பண்ணை வீடு, கூரையில் பனி, கொட்டிலுக்கு வெளியே மாடு, பாதையில் குதிரை இழுக்கும் சறுக்குவண்டி. இன்றைக்கும் கிறிஸ்துமஸ் அட்டையில் இருப்பது கிட்டத்தட்ட இதேதான். 1861ல் நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சகம் இவருடைய படங்களைக் கல் அச்சில் வெளியிட ஆரம்பித்தது. 1863ல் மனிதர் இறந்துவிட்டார், வயது 43. அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஹோம் டு தாங்க்ஸ்கிவிங்' என்ற அச்சுப்படம் வெளிவந்தது 1867ல். ஊரே வாங்கி மாட்டிய படத்தை வரைந்தவர் பார்க்கவில்லை.

அந்த அச்சகத்தில் வண்ணம் சேர்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளையில் அச்சான தாள்கள் ஒரு நீண்ட மேஜைக்கு வரும். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி நீலம் மட்டும் பூசுவாள், அடுத்தவள் பச்சை மட்டும். தாள் கைமாறிக் கைமாறி மறுமுனைக்குப் போகும்போது முழுப்படமாகியிருக்கும். ஃபோர்டு காரை இப்படிப் பூட்டத் தொடங்கியதற்குப் பல பத்து வருஷம் முன்னாடி!

அடுத்து லூயி பிராங். பிரெஸ்லாவில் பிறந்தவர், 1848 புரட்சியில் சம்பந்தப்பட்டு, தப்பித்து அமெரிக்கா வந்தவர். பாஸ்டனில் அச்சகம் வைத்தார். கையால் பூசும் வேலையே இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், ஒரு படத்துக்கு இருபது கல்கூட ஆகும். 1870களின் நடுவில் அமெரிக்கச் சந்தையில் கிறிஸ்துமஸ் அட்டையை இறக்கினார். (இங்கிலாந்தில் 1843லேயே ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வைத்து அட்டை போட்டுவிட்டார். ஒரு ஷில்லிங் விலை. படத்தில் குடும்பமே, குழந்தை உட்பட, ஒயின் குடிப்பதுபோல இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அது தனிக்கதை.)

பிராங்கின் முதல் அட்டைகளில் பனியே கிடையாது. ரோஜா, செர்ரிப் பூ, அப்படித்தான் இருந்தன. பூ அட்டையில் "கிறிஸ்துமஸ்" என்று அச்சடித்தால் கிறிஸ்துமஸ் அட்டை, "ஈஸ்டர்" என்று அச்சடித்தால் ஈஸ்டர் அட்டை. படத்துக்கும் பருவத்துக்கும் இருக்கும் முடிச்சு தானாக வந்ததில்லை, மெல்ல மெல்லப் போடப்பட்டது.

1880ல் பிராங் ஒரு ஓவியப் போட்டி அறிவித்தார். முதல் பரிசு 1000 டாலர், அந்தக் காலத்தில் பெரிய தொகை. வென்றவர் ரோசினா எம்மட் என்ற இளம்பெண். அடுத்த வருஷம் எலிஹூ வெட்டர், அப்போதே பேர்பெற்ற ஓவியர். நல்ல ஓவியர்களையும் அட்டைக்கு இழுத்துவந்த பெருமை பிராங்குடையது, மறுப்பதற்கில்லை. ஆனால் பரிசு என்பது ஒரு தடவை. அட்டை பத்தாயிரம் போனாலும் பத்து லட்சம் போனாலும் ஆயிரம் ஆயிரம்தான். வருஷத்துக்கு 50 லட்சம் அட்டைக்கு மேல் அச்சிட்டாராம் பிராங். 1890களில் மலிவான ஜெர்மன் அட்டைகள் வந்து குவிந்தன. பிராங் அட்டைத் தொழிலையே விட்டுவிட்டார்.

இப்போது கதாநாயகி. கதாநாயகிக்கு வயது எழுபத்தெட்டு. :-)

அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ், உலகத்துக்கு கிராண்ட்மா மோசஸ். 1860ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஈகிள் பிரிட்ஜ் என்ற கிராமத்தில் பண்ணைக்கார அம்மா. பிள்ளைகள் பெற்று, மாடு கறந்து, வெண்ணெய் விற்று, வயதான பிறகு துணியில் கம்பளி நூலால் படம் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியவில்லை. தங்கச்சி சொன்னாராம், ஊசி பிடிக்க முடியாட்டி தூரிகை பிடியேன் என்று. அப்படி ஆரம்பித்ததுதான். ஊர்த் திருவிழாச் சந்தையில் ஜாம் பாட்டிலோடு படங்களையும் வைத்தார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. படத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பாட்டி வரைந்த முறையைக் கவனியுங்கள். மேசனைட் பலகையை அளவாக வெட்டி, மூன்று பூச்சு வெள்ளை அடிப்பார். பிறகு மேலிருந்து கீழே. முதலில் வானம், பிறகு மலை, மரம், வீடு, மாடு, கடைசியில் மனிதர்கள். பல பலகைகளை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வானத்தை ஒரே மூச்சில் முடிப்பார். கலந்த நீலம் வீணாகக் கூடாது, பாருங்க! மனித உருவங்களுக்கு மட்டும் பழைய பத்திரிகை, வாழ்த்து அட்டை, கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சுப்படம் என்று வெட்டிச் சேர்த்து வைத்திருந்த காகிதங்களை வைத்துப் பிரதி எடுத்துக்கொள்வார். டுரியின் பனி அச்சுப்படமாக வீடுகளுக்குப் போய், அந்தப் பரம்பரையிலிருந்து பாட்டியின் பலகைக்கு வந்த வழி இதுதான்.

1938ல் லூயி கால்டர் என்ற நியூயார்க் பொறியாளர் அந்தப் பக்கம் வந்தபோது ஹூசிக் ஃபால்ஸ் மருந்துக்கடை ஜன்னலில் இந்தப் படங்களைப் பார்த்தார். விலை மூன்று டாலர், ஐந்து டாலர். இருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்கே போனார். பாட்டி வீட்டில் இல்லை. மருமகள், பத்துப் படம் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். ராத்திரி தேடினால் ஒன்பதுதான். வார்த்தை கொடுத்தாகிவிட்டதே! பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு சட்டம் போட்டு, பத்தாக்கிவிட்டார்கள். இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன்.

வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் வந்து கேலரி திறந்திருந்த ஓட்டோ காலிர் 1940 அக்டோபரில் பாட்டியின் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். அடுத்த மாதமே கிம்பல்ஸ் கடையில் தாங்க்ஸ்கிவிங் விழா. பாட்டி நேரில் வந்தார். ஓவியம் பற்றிச் சொற்பொழிவு எதிர்பார்த்த கூட்டத்திடம் ஜாம் போடுவது எப்படி என்று பேசிவிட்டுப் போனார்.

பாட்டியின் படங்கள் முழுக்க முழுக்கப் பருவம்தான். பிப்ரவரி கடைசியில் மேப்பிள் மரத்துச் சாறு எடுத்துக் காய்ச்சுவது, ஜூலை நாலு, ஹாலோவீன், தாங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழி துரத்துவது, கிறிஸ்துமஸ் மரம் வெட்டி வருவது. பண்ணையில் வருஷம் எப்படிச் சுற்றுமோ அப்படியே பலகையிலும் சுற்றியது. சந்தைக்காக யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்த காலண்டர் அது ஒன்றுதான். ஆனால் சந்தைக்கு அது வெல்லக்கட்டி. 1946ல் பிரண்டேஜ் என்ற கம்பெனி பாட்டி படங்களைக் கிறிஸ்துமஸ் அட்டையாகப் போட்டது. அமோக விற்பனை. 1947ல் ஹால்மார்க் வந்து உரிமையை வாங்கிக்கொண்டது. பிறகு திரைச்சீலைத் துணி, பீங்கான் தட்டு என்று படம் போகாத பொருளில்லை.

நான் அழுத்திச் சொல்ல வருவது காலிர் செய்த வேலையை. 1950களின் தொடக்கத்தில் 'கிராண்ட்மா மோசஸ் பிராப்பர்ட்டீஸ்' என்று ஒரு தனி நிறுவனமே ஏற்படுத்தினார், இந்த உரிமைகளைக் கவனிப்பதற்கென்றே. ஓவியம் விற்பது கேலரி, படத்தை வாடகைக்கு விடுவது இந்த நிறுவனம். இரண்டையும் பிரித்துப் பார்த்த புத்தி அகதியாக வந்த ஒரு வியாபாரிக்கு இருந்திருக்கிறது. பாட்டி 1961ல், 101 வயதில் இறந்தபோது 1500 ஓவியங்களுக்கு மேல் வரைந்திருந்தார்.

ஹால்மார்க்கைப் பற்றி வந்ததால் ஒரு கொசுறு. 1950ல் வின்ஸ்டன் சர்ச்சில் வரைந்த படங்களைக்கூட அவர்கள் கிறிஸ்துமஸ் அட்டையாகப் போட்டார்கள். அதைவிட வேடிக்கை சால்வடோர் டாலி. பத்து அட்டைக்கு 15,000 டாலர் ரொக்கமாக முன்கூட்டியே வேண்டும், என்ன வரைய வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது, கெடு கிடையாது, ராயல்டியும் வேண்டாம் என்றார். கம்பெனியும் ஒத்துக்கொண்டது. 1960 கிறிஸ்துமஸுக்கு இரண்டு அட்டைகள் வந்தன. பார்த்த ஜனங்கள் மிரண்டுபோனார்கள். அட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. டாலியின் பணம் டாலியிடம். மீசையை முறுக்கிக்கொண்டு நடந்திருப்பார். ராயல்டிதான் எப்போதும் உசத்தி என்று வாதாடுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. விற்காத படத்துக்கு ராயல்டி பூஜ்யம்.

இன்னொரு பக்கம் காலண்டர். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் பிரவுன் அண்ட் பிகலோ என்று ஒரு கம்பெனி, 1896ல் தொடங்கியது. நார்மன் ராக்வெல் அவர்களுக்காக 1948 முதல் 1964 வரை 'நான்கு பருவங்கள்' என்று வருஷாவருஷம் நாலு படம் போட்டுக்கொடுத்தார். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். (முதலாளி ஹெர்பர்ட் பிகலோ வருமான வரி விவகாரத்தில் 1920களில் சிறைக்குப் போனார். அங்கே சார்லி வார்ட் என்ற கைதியோடு நட்பாகி, வெளியே வந்ததும் அவரைக் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். 1933ல் பிகலோ இறந்த பிறகு கம்பெனித் தலைவரே அந்த வார்ட்தான். சினிமா எடுக்கலாம்.)

இப்படிப் பாட்டியின் உரிமைகள் காப்பாற்றப்பட்ட அதே நியூயார்க் மாநிலத்தில், சில வருஷம் முன்னால் ஒருவர் கோட்டைவிட்டிருந்தார். என்னை இந்தப் பதிவு எழுத வைத்த மனிதர் அவர்தான். ஹோவ்செப் புஷ்மன், ஆர்மீனியாக்காரர், அமெரிக்காவில் குடியேறிய ஓவியர். 1930ல் அவருடைய ஓவியம் ஒன்றை இல்லினாய் பல்கலைக்கழகம் 3600 டாலருக்கு வாங்கியது. ஓவியத்தின் பெயரே பருவம்தான்: 'இலையுதிர் காலம் வந்தபோது' என்று தமிழில் சொல்லலாம். விற்பனை கேலரி மூலம் நடந்தது. அச்சடிக்கும் உரிமை பற்றி இரண்டு தரப்பிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1940ல், பல்கலைக்கழகம் அந்தப் படத்தைப் பிரதி எடுக்கும் உரிமையை நியூயார்க் கிராஃபிக் சொசைட்டி என்ற அச்சுப்பட நிறுவனத்துக்கு விற்றது. புஷ்மன் கொதித்துப்போய் வழக்குப் போட்டார். நான் விற்றது ஓவியத்தை, அச்சடிக்கும் உரிமையை இல்லை என்பது அவர் வாதம். நமக்கு நியாயமாகத்தானே படுகிறது? 1942ல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிபந்தனை எதுவும் இல்லாமல் ஓவியத்தை விற்றால் பிரதி எடுக்கும் உரிமையும் கூடவே போய்விட்டது, உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள நினைத்தால் ஓவியர் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று.

மாட்டை விற்றால் கயிறும் போச்சு என்கிற மாதிரி. சட்டப்படி அன்றைக்கு அது தவறான தீர்ப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிப்பிக்கப்படாத படைப்புக்கு அப்போது மத்தியச் சட்டம் கிடையாது, பழைய வழக்குகள்தான் ஆதாரம். ஆனால் பாரத்தை யார் தலையில் ஏற்றினார்கள் பாருங்கள். வாங்குகிற பல்கலைக்கழகத்துக்கு வக்கீல் இருப்பார். விற்கிற ஓவியருக்குக் கையில் சாயம்தான் இருக்கும். நம் பதிவுகளை அனுமதியில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்து நாம் போடும் கூச்சல் ஞாபகம் வந்தால், புஷ்மன் நிலைமை புரியும். அவரிடம் காசு கொடுத்து வாங்கியவர்களே செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நியூயார்க் சட்டமன்றம் 1966ல் இதைத் தலைகீழாக மாற்றியது. ஓவியத்தை விற்றாலும், எழுத்தில் தராதவரை, பிரதி உரிமை ஓவியருக்கே. புஷ்மன் இறந்ததும் அதே 1966ல்தான். பிறகு 1976ல் வந்த மத்திய காப்பிரைட் சட்டம், 1978 ஜனவரி 1 முதல் அமலாகி, நாடு முழுக்க இதையே விதியாக்கியது. பொருள் வேறு, அதிலுள்ள காப்பிரைட் வேறு. ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் கொடுத்ததாகாது.

அக்ரிலிக் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் 1901ல் அக்ரிலிக் அமிலப் பொருட்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், பசை என்று அது எங்கெங்கோ போய், 1953ல் அவர் தொடங்கிய கம்பெனியின் அமெரிக்கக் கிளை வழி வந்த நிறுவனம் வீட்டுச் சுவர் பெயிண்டுக்காகத் தண்ணீரில் கரைந்து நிற்கும் அக்ரிலிக் பால்மத்தை விற்கத் தொடங்கியது. சின்சினாட்டியில் ஓவியச் சாயம் தயாரித்துக்கொண்டிருந்த ஹென்றி லெவிசன் அந்தப் பால்மத்தில் நிறமிகளைக் கலந்து 1955ல் 'லிக்விடெக்ஸ்' என்று கொண்டுவந்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது. எண்ணெய்ச் சாயம் மாதிரி கெட்டியாக டியூபில் வந்தது 1960களில்.

வாடகைப் படக்காரர்களுக்கு இதைவிடத் தோதான சாயம் கிடையாது என்பேன். எண்ணெய்ச் சாயம் தொட்டால் ஒட்டாமல் காயவே நாள்கணக்கில் ஆகும், வார்னிஷ் அடிக்க மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். மேக்ஸ்ஃபீல்ட் பாரிஷ் என்றொரு மகான், 1918 முதல் 1934 வரை ஜெனரல் எலக்ட்ரிக்கின் எடிசன் மாஸ்டா காலண்டர்களுக்கு வரைந்தவர். மெல்லிய எண்ணெய்ச் சாயம் ஒரு பூச்சு, அதன்மேல் வார்னிஷ், அது காய்ந்ததும் அடுத்த பூச்சு என்று போவார். ஒன்று காயும்வரை இன்னொரு பலகை. அக்ரிலிக் அரைமணியில் காய்ந்துவிடும். காலையில் வானம், மதியம் மரம், சாயங்காலம் கிளைமேல் பனி, மறுநாள் ஸ்கேனரில். கம்பெனிக்காரர், இந்தச் சிவப்புக் கொட்டிலை நீலமாக்கிக் கொடுங்க என்றால் மேலேயே பூசிவிடலாம்.

ஆனால் அச்சுக்கு என்று வரையும்போது கை கொஞ்சம் அடங்கித்தான் இருக்க வேண்டும். விளிம்பில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது, வெட்டும்போது போய்விடும். மேலே வானத்தில் இடம் விட வேண்டும், அங்கேதான் வாழ்த்து வாசகம் உட்காரும். தங்க, வெள்ளிச் சாயம் தொடக் கூடாது, ஸ்கேனரில் அது சேறு மாதிரி விழும். மோசஸ் பாட்டி பனி மின்னுவதற்காக ஜிகினாத் தூள் தூவுவார். அந்த மினுமினுப்பு சாதாரண அச்சில் வராது, தனியாகத்தான் ஒட்ட வேண்டும். குளிர்காலப் படத்திலேயே இரண்டு தினுசு வைத்துக்கொள்வார்கள். பண்டிகைச் சின்னம் உள்ள படம் டிசம்பர் 25க்குப் பிறகு தள்ளுபடிக் கூடைக்குப் போய்விடும். வெறும் பனியும் சிவப்புக் குருவியும் என்றால் பிப்ரவரி வரை விற்கும். டுரியின் படங்களில் பண்டிகைச் சின்னம் ஏதும் கிடையாது. பண்ணை, பனி, மாடு, அவ்வளவுதான். அவை இன்றும் விற்கின்றன.

நியூயார்க்கில் 1980களிலிருந்து நடந்துவந்த சர்டெக்ஸ் போன்ற சந்தைகளில் ஓவியர்கள் ஆளுக்கொரு கூண்டு வாடகைக்கு எடுத்து, பருவவாரியாகப் படங்களைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். வருகிற கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டில், எத்தனை வருஷத்துக்கு, எத்தனை சதவீதம். கம்பெனியின் வார்ப்புரு ஒப்பந்தத்தில் சில சமயம் "எல்லா உரிமைகளும்" என்று இரண்டு சொல் நடுவில் ஒளிந்திருக்கும். சில நூறு டாலருக்குக் கையெழுத்துப் போட்டால் 1942க்குத் திரும்பிப் போன மாதிரிதான். இந்த முறை சொந்தக் கையெழுத்தோடு.

அசல் ஓவியத்தை விற்கும்போதும் இன்றைக்கு அமெரிக்க ஓவியர்கள் பலர் ரசீதின் அடியில், பிரதி எடுக்கும் உரிமை ஓவியருக்கே என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். 1978க்குப் பிறகு சட்டப்படி அது தேவையே இல்லை. ஆனாலும் எழுதுகிறார்கள். 3600 டாலர் ரசீதில் இல்லாமல்போன வரி அது.

பாரிஷின் அந்த நீலத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த பதிவில் பார்க்கலாம்.